பாறை ஏறும் வண்டிக்கு எந்த வேகக் கட்டுப்படுத்தி?



"சார், இது நிக்கவே மாட்டேங்குது. விரலை எடுத்தா வழுக்கிக்கிட்டுக் கீழ வந்துடுது."

உயர்நிலை 2 மாணவர் ஒருவர், தொலைவிலிருந்து வானொலி அலையால் இயக்கும் தம் வண்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னது இது. இணைப்பாட நடவடிக்கை அறைக்கு வெளியே செங்கல்லையும் உடைந்த கல் பலகைகளையும் அடுக்கி மாணவர்கள் ஒரு சின்னப் பாறை மேடு கட்டியிருந்தார்கள். அதில் ஏற்றுவதற்காகவே வாங்கிய வண்டி. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு. நான்கு சக்கரங்களுக்கும் விசை போகும். ஏறும்போது நன்றாகத்தான் ஏறியது. பாதி மேட்டில் விரலை எடுத்தால் பின்னால் உருண்டது. அன்று விழுந்ததில் அச்சைப் பிடித்திருக்கும் தண்டு ஒன்று உடைந்தும் போனது.

குற்றம் வண்டியில் இல்லை, அதற்குள் இருந்த வேகக் கட்டுப்படுத்தியில் இருந்தது. அதை வாங்கச் சொன்னவன் நான். "எண் பெரிசா இருந்தா நல்லதுதானே? 120 ஆம்ப் போட்டிருக்கிறதையே வாங்கிடு" என்று விவரம் தெரியாமல் சொல்லிவிட்டேன். தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் சேர்த்துவைத்து அந்தப் பையன் வாங்கிய பொருள், சமதளத்தில் பறக்கும் பந்தயக் காருக்கானது. பாறை மேட்டில் அதற்கு வேலை இல்லை.

நம்மில் சிலர் இயந்திர மனித மன்றத்துக்கோ மின்னணுக் குழுவுக்கோ பொறுப்பாசிரியராக இருக்கிறோம். மற்றவர்களிடமும் மாணவர்கள் இதைப் பற்றிப் பேசத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குச் சரியான வழி சொல்லவும், அதைத் தமிழிலேயே சொல்லவும் இந்தக் கட்டுரை உதவும் என்று நம்புகிறேன். சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாறை வண்டிக்குக் கட்டுப்படுத்தி வாங்கும்போது அது எவ்வளவு வேகமாக ஓட்டும் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு மெதுவாக ஓட்டும், விட்டதும் எப்படிப் பிடித்து நிறுத்தும் என்று பாருங்கள்.

இந்தக் கருவி என்ன செய்கிறது?

வண்டிக்குள் நான்கு முக்கியமான மின் பாகங்கள் உண்டு. மின்கலம், மோட்டார், கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரின் கட்டளையை வாங்கும் ரிசீவர், இவற்றுக்கு நடுவில் வேகக் கட்டுப்படுத்தி. மாணவர்கள் இதை 'இஎஸ்சி' என்று மூன்று எழுத்தில் சொல்வார்கள்.

ரிசீவர் ஒரு வினாடிக்குச் சுமார் 50 தடவை கட்டுப்படுத்திக்கு ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்புகிறது. துடிப்பு 1.5 மில்லிவினாடி நீண்டால் 'நில்' என்று பொருள். 2 மில்லிவினாடியை நெருங்கினால் முழு வேகத்தில் முன்னால் போ. 1 மில்லிவினாடியை நெருங்கினால் பிரேக் பிடி, அல்லது பின்னால் போ. சில வண்டிகளில் திசை மாறியிருக்கும், கணக்கு இதுதான்.

இந்தக் கட்டளையைப் படித்துவிட்டு, கட்டுப்படுத்தி மின்கலத்தை மோட்டாரோடு சேர்த்தும் பிரித்தும் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை சுவிட்ச் போடுகிறது. பாதி நேரம் சேர்த்து, பாதி நேரம் பிரித்தால் பாதி வேகம். குழாயைக் கொஞ்சமாகத் திறப்பது போன்றதல்ல இது. முழுசாகத் திறந்து மூடி, திறந்து மூடி, சராசரியைக் குறைப்பது. அந்தச் சுவிட்சுகள்தாம் சூடாகின்றன. கட்டுப்படுத்தியின் தலையில் அலுமினியத் தகடும் சில நேரம் குட்டி விசிறியும் இருப்பது அதனால்தான்.

முதல் கேள்வி: மோட்டார் எந்த வகை?

கடைக்குப் போகும் முன் வண்டியைத் திறந்து மோட்டாரிலிருந்து வரும் கம்பிகளை எண்ணச் சொல்லுங்கள்.

இரண்டு தடித்த கம்பிகள் இருந்தால் அது பிரஷ் மோட்டார். உள்ளே கரித்துண்டுகள் சுழலும் பகுதியை உரசி மின்சாரத்தைக் கொடுக்கும். சுருள்களில் மின்சாரத்தை மாற்றிவிடும் வேலையை மோட்டாரே பார்த்துக்கொள்வதால், நின்ற நிலையிலிருந்து நத்தை போல மெதுவாகக் கிளம்பும். பாறை ஏறுவதற்கு இது நல்ல குணம். கரித்துண்டு தேயும் என்பதுதான் குறை.

மூன்று கம்பிகள் இருந்தால் பிரஷ் இல்லாத மோட்டார். இதில் எந்தச் சுருளுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்பதைக் கட்டுப்படுத்திதான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு மோட்டாரின் உட்பகுதி இப்போது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிய வேண்டும். சென்சார் இல்லாத வகையில், சுழலும்போது சுருளில் பிறக்கும் மின்னழுத்தத்தை வைத்துக் கட்டுப்படுத்தி அதை ஊகிக்கிறது. ஓடும்போது சரி. கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும்போது அந்த மின்னழுத்தமே இருக்காது. அப்போது கட்டுப்படுத்தி இருட்டில் படி தேடுகிற ஆள் மாதிரித் தடுமாறும். வண்டி திக்கித் திக்கிக் கிளம்பும். பந்தயப் பாதையில் இது பெரிய குறை இல்லை. பாறை விளிம்பில் ஒரு திக்கல் போதும், வண்டி கவிழ்ந்துவிடும்.

மூன்று தடித்த கம்பிகளோடு மெல்லிய கம்பிக் கொத்து ஒன்றும் இருந்தால் அது சென்சார் உள்ள வகை. மோட்டாரின் நிலையைச் சென்சார் சொல்லிவிடுவதால் மிக மெதுவாகவும் சீராக ஓடும். விலை கூடுதல். மோட்டாரையும் கட்டுப்படுத்தியையும் ஒரே உருளைக்குள் அடக்கிய வகைகளும் வந்துவிட்டன. ஹாபிவிங் நிறுவனத்தின் 'குவிக்ரன் ஃபியூஷன்' அத்தகையது. கம்பி குறைவு, இடமும் மிச்சம். ஆனால் ஒன்று பழுதானால் பெரும்பாலும் இரண்டையும் மாற்ற வேண்டிவரும்.

பிரஷ் மோட்டாருக்கான கட்டுப்படுத்தியில் பிரஷ் இல்லாத மோட்டார் ஓடாது. முதல் வண்டி வைத்திருக்கும் மாணவருக்கு என் பரிந்துரை பிரஷ் மோட்டார்தான். 35 சுற்று, 45 சுற்று, 55 சுற்று என்று அதன்மேல் எழுதியிருக்கும். சுற்று கூடக்கூட வேகம் குறையும், நிதானம் கூடும்.

இன்னொன்று. 24-இல் ஒரு பங்கு அளவுள்ள குட்டி வண்டிகள் பலவற்றில் ரிசீவரும் கட்டுப்படுத்தியும் ஒரே பலகையில் இருக்கும். கட்டுப்படுத்தியை மட்டும் மாற்ற வேண்டுமென்றால் ரிசீவரும் தனியாக வாங்க வேண்டும். அந்த ரிசீவர் கையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டரோடு சேருமா என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி: மின்கலத்தில் எத்தனை அறை?

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலத்தில் ஓர் அறைக்கு 1.2 வோல்ட். ஆறு அறைகள் சேர்ந்தால் 7.2. லித்தியம் பாலிமர் மின்கலத்தில், அதாவது 'லைப்போ'வில், ஓர் அறைக்கு 3.7 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4.2. '2எஸ்' என்று எழுதியிருந்தால் இரண்டு அறைகள், 7.4 வோல்ட். '3எஸ்' என்றால் 11.1 வோல்ட், முழுதாக ஏற்றியதும் 12.6.

கட்டுப்படுத்தி எத்தனை அறை வரை தாங்கும் என்பது அதன் பெட்டியிலேயே இருக்கும். '2எஸ் மட்டும்' என்பதில் 3எஸ் மாட்டினால் சுவிட்சுகள் கருகிவிடலாம். "கொஞ்ச நேரம்தானே" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. லைப்போ அறையின் மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் அறை கெடும், உப்பும். அடுத்த முறை மின்னேற்றும்போது தீப்பிடிக்கவும் கூடும். நம் வீவக வீடுகளில் மின்ஸ்கூட்டர் மின்கலங்கள் தீப்பிடித்த செய்திகளைப் படித்திருக்கிறோம். இந்தக் குட்டி மின்கலமும் அதே லித்தியம் குடும்பம்தான். எனவே மின்னழுத்தம் குறைந்ததும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் தானாக வெட்டும் வசதி கட்டுப்படுத்தியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

வசதி இருந்தால் மட்டும் போதாது, சரியாக அமைத்திருக்கவும் வேண்டும். விலை குறைந்த வகைகளில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் செருகியை 'லைப்போ', 'நிக்கல்' என்ற இரண்டு இடங்களில் ஒன்றில் மாட்ட வேண்டும். லைப்போவை இணைத்துவிட்டுச் செருகியை 'நிக்கல்' பக்கம் வைத்திருந்தால் லைப்போவுக்கு வேண்டிய காவல் கிடைக்காது. வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், மாணவருக்கு ஒன்றும் தெரியாது, கெடுவது மின்கலம்.

காவல் வெட்டிய பிறகும் ரிசீவருக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். ஆட்டம் முடிந்ததும் சுவிட்சை அணைப்பதோடு நிறுத்தாமல் மின்கலத்தின் செருகியையும் கழற்றிவிடும் பழக்கம் வர வேண்டும்.

மூன்றாவது கேள்வி: விட்டதும் பிடிக்குமா?

என் மாணவரின் வண்டி வழுக்கியதற்கான பதில் இங்கேதான் இருக்கிறது.

விரலை எடுத்ததும் தானாகப் பிடிக்கும் பிரேக்கை 'டிராக் பிரேக்' என்கிறார்கள். சக்கரத்தை இறுக்கும் கட்டை எதுவும் அதில் கிடையாது. கட்டுப்படுத்தி மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுகிறது, அவ்வளவுதான். சரிவில் வண்டி உருளப் பார்த்தால் சக்கரம் மோட்டாரைத் திருப்பும். திரும்பும் மோட்டார் மின்னியற்றியாக மாறும். முனைகள் இணைந்திருப்பதால் அதில் மின்சாரம் ஓடும்; அந்த மின்சாரம் தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்க்கும். உயர்நிலை 3, 4 இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் பாடத்தில் வரும் லென்சு விதி இதுதான்.

பாறை வண்டியில் பற்சக்கரங்கள் வேகத்தை மிகவும் குறைத்துத் தருகின்றன. சக்கரம் ஒரு சுற்று சுற்ற மோட்டார் 40 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் சக்கரம் கொஞ்சம் அசைந்தாலும் மோட்டார் நிறையச் சுழல வேண்டும். பிரேக்கின் பிடியும் அத்தனை மடங்கு பெருகிச் சக்கரத்துக்கு வரும். வண்டி மேட்டில் ஒட்டிக்கொண்டது போல நிற்கும்.

ஒன்றை மாணவர்களிடம் மறைக்க வேண்டாம். சுழன்றால்தான் இந்தப் பிரேக் வேலை செய்யும் என்பதால், மிகச் செங்குத்தான இடத்தில் பிரஷ் வண்டி மெல்ல மெல்ல ஊர்ந்து இறங்கலாம். உருண்டு விழாது, ஊரும். சென்சார் உள்ள உயர்ந்த வகைகள் சிலவற்றில் மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தே அதே இடத்தில் பிடித்துவைக்கும் வசதி உண்டு.

பந்தயக் காருக்கான கட்டுப்படுத்தியில் இந்தப் பிரேக் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். வளைவில் விரலை எடுத்ததும் சக்கரம் பிடித்துக்கொண்டால் பந்தயக் கார் சுழன்றுவிடுமே! அதனால் கடையில் கேட்க வேண்டியது: "டிராக் பிரேக்கை நூறு விழுக்காடு வரைக்கும் கூட்டலாமா?"

கூடவே பின்னோக்குப் போக்கையும் கேளுங்கள். சிலவற்றில் முதல் தள்ளல் பிரேக். விரலை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி தள்ளினால்தான் பின்னால் போகும். இரண்டு பாறைகளுக்கு இடையே சிக்கிய வண்டியை முன்னும் பின்னும் அசைத்து எடுக்க இது தோதுப்படாது. தள்ளியதும் உடனே பின்னால் போகும் அமைப்புதான் பாறை வண்டிக்கு வேண்டும்.

ஹாபிவிங்கின் 'குவிக்ரன் 1060', 'குவிக்ரன் 1080' என்ற இரண்டையும் ஒப்பிட்டால் இது விளங்கும். இரண்டும் பிரஷ் மோட்டாருக்கானவை. இரண்டும் 2எஸ், 3எஸ் லைப்போவை ஏற்பவை. முதலாவது 60 ஆம்பியர். அமைப்புகளைச் செருகியால் மாற்ற வேண்டும், தேர்வுகள் சிலவே. இரண்டாவது 80 ஆம்பியர். சின்ன அட்டைக் கருவி ஒன்றை இணைத்து டிராக் பிரேக்கின் வலிமை முதலானவற்றைப் படிப்படியாக மாற்றலாம். பாறைக்காரர்கள் இரண்டாவதைத் தேடுவது கூடுதல் 20 ஆம்பியருக்காக அல்ல, அந்தப் பிரேக்குக்காகத்தான். வேறு நிறுவனப் பொருளை வாங்கினாலும் இதே அளவுகோலை வைத்துப் பாருங்கள்.

நான்காவது கேள்வி: திருப்பும் செர்வோவுக்கு மின்சாரம் போதுமா?

முன்சக்கரங்களைத் திருப்பும் குட்டி மோட்டார்ப் பெட்டிக்குச் செர்வோ என்று பெயர். அதற்கும் ரிசீவருக்கும் வேண்டிய 5 அல்லது 6 வோல்ட்டைக் கட்டுப்படுத்தியே குறைத்துத் தருகிறது. சிலவற்றில் 7.4 வோல்ட்டும் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் செர்வோ அதைத் தாங்குமா என்று அதன்மேல் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகுதான்.

சக்கரம் இரு கற்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருக்கும்போது திருப்பினால், வலுவான செர்வோ 3 ஆம்பியருக்கு மேலும் கேட்கும். கட்டுப்படுத்தி 2 ஆம்பியர்தான் தரும் என்றால் மின்னழுத்தம் சரியும். ரிசீவர் ஒரு நொடி மயங்கி விழும். வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. "சார், ரேடியோ கெட்டுப்போச்சு" என்று மாணவர் வந்து நிற்பார். ரேடியோ கெடவில்லை, மின்சாரம்தான் போதவில்லை.

பெட்டியில் செர்வோவுக்கான ஆம்பியர் அளவு தனியாக அச்சாகியிருக்கும். 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் சாதாரணச் செர்வோவுக்குப் போதும். பெரிய செர்வோ என்றால் தனியாக ஒரு மின்னழுத்தக் குறைப்பியைச் சேர்க்கலாம். அது ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்தால், கட்டுப்படுத்தியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று மெல்லிய கம்பிகளில் சிவப்பை மட்டும் கழற்றிக் காப்பு நாடா சுற்ற வேண்டும். இரண்டு இடத்திலிருந்து மின்சாரம் வந்து மோதக் கூடாது.

ஐந்தாவது கேள்வி: ஆம்பியர் எண் எவ்வளவு?

நான் முதலில் பார்த்த எண்ணை வேண்டுமென்றே கடைசிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

பெட்டியில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று தொடர்ந்து தாங்கும் அளவு. மற்றொன்று கணநேரம் தாங்கும் அளவு. இதுதான் கண்ணைப் பறிக்கும்படி அச்சாகியிருக்கும். முதலாவதை மட்டும் பாருங்கள்.

மோட்டார் அதிக மின்சாரம் இழுப்பது வேகமாக ஓடும்போது அல்ல. சுழல முடியாமல் சிக்கி நிற்கும்போது. சுருளின் மின்தடை 0.2 ஓம், மின்கலம் 8 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஓம் விதிப்படி 40 ஆம்பியர். பாறை வண்டி அடிக்கடி சிக்கும். மெதுவாகப் போவதால் காற்றோட்டமும் குறைவு. ஆகவே தேவைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி இருப்பது நல்லது. 35 சுற்று போன்ற நிதானமான பிரஷ் மோட்டாருக்கு 60 அல்லது 80 ஆம்பியர் தாராளம். 120-க்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட அந்தக் காசில் நல்ல செர்வோ வாங்கலாம்.

எத்தனை சுற்றுக்குக் கீழே உள்ள மோட்டாரை மாட்டக் கூடாது என்றும் கையேட்டில் போட்டிருப்பார்கள். மின்கல அறை கூடினால் அந்த வரம்பும் மாறும். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆறாவது கேள்வி: தண்ணீர் தாங்குமா?

நம் ஊரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஓடையில் இறக்காவிட்டாலும் ஈரப் புல்லில் ஓட்டத்தான் போகிறோம். நீர்புகா வகையையே வாங்குங்கள். ஆனால் 'நீர்புகா' என்பது பெரும்பாலும் நல்ல தண்ணீருக்குத்தான். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக் கற்களில் ஓட்ட ஆசை வரும். உப்பு நீர் செருகிகளையும் உருளைத் தாங்கிகளையும் அரித்துவிடும். பட்டுவிட்டால் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து உலர்த்த வேண்டும். கட்டுப்படுத்தி நீர்புகாததாக இருந்தாலும் ரிசீவர் அப்படி இல்லாமல் இருக்கலாம். அதற்கு மூடிய பெட்டி தேவை. இயற்கை வனப்பகுதிகளுக்குள் வண்டியை இறக்க வேண்டாம். பூங்காவில் அறிவிப்புப் பலகையைப் படித்த பிறகே ஓட்டுங்கள்.

கடைக்குப் போகும்போது

மூத்த ஆசிரியர்களுக்குச் சுங்கை ரோடு பழைய பொருள் சந்தை நினைவிருக்கும். பழைய மோட்டார், கம்பி, சுவிட்ச் என்று எதையும் அங்கே புரட்டிப் பார்க்கலாம். 2017 ஜூலை 10-இல் அந்தச் சந்தை மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த வட்டாரத்தின் மின்னணு வாசனை போய்விடவில்லை. தேக்காவிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவரில் செருகிகள், சிலிக்கான் உறைக் கம்பிகள், சூட்டில் சுருங்கும் குழாய்கள், பற்றாசுக் கம்பி, பல்மானி எல்லாம் பார்த்து வாங்கலாம். கட்டுப்படுத்தியை ரிமோட் கார்க் கடையிலோ இணையத்திலோ வாங்கினாலும், அதை மாட்டுவதற்கான துண்டு துணுக்குகள் இங்கே கிடைக்கும். பீட்டி சாலை உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் படிக்கும் மாணவர்களுக்கும் இந்த இடம் அவ்வளவு தூரமில்லை.

போகும்போது வண்டியைப் பற்றிய விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்: மோட்டார் வகையும் சுற்றும், மின்கல வகையும் அறையும், செருகியின் வடிவம், செர்வோவின் வோல்ட், கட்டுப்படுத்தி உட்காரும் இடத்தின் நீள அகலம். கடைசி விவரத்தைப் பலர் மறந்துவிடுவார்கள். வாங்கிவந்த பெட்டி உடற்கூட்டுக்குள் அடங்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு.

செருகி மாற்றப் பற்றாசு வைக்க வேண்டியிருந்தால் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. தலைகீழாக மாட்டினால் பெரும்பாலான கட்டுப்படுத்திகள் அந்தக் கணமே போய்விடும், உத்தரவாதமும் கைகொடுக்காது. மின்கல முனைகளை ஒரே நேரத்தில் வெட்டவும் கூடாது. கத்தரி இரண்டையும் தொட்டால் தீப்பொறி பறக்கும்.

முதல் ஓட்டத்துக்கு வண்டியை ஒரு கட்டையின் மேல் தூக்கி வைத்துச் சக்கரம் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் டிரான்ஸ்மிட்டரை இயக்க வேண்டும், பிறகு வண்டியை. அணைக்கும்போது முதலில் வண்டி, பிறகு டிரான்ஸ்மிட்டர். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரையும் கட்டுப்படுத்தியையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பற்சக்கர விகிதமோ மோட்டாரோ பொருந்தவில்லை. லைப்போவை மின்னேற்றும்போது யாராவது கூடவே இருக்க வேண்டும்; உப்பிய மின்கலத்தை மறுபடி ஏற்றவும் கூடாது, குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது.

வகுப்பறையில் பயன்படுத்த

பழைய பொம்மையிலிருந்து கழற்றிய சின்னப் பிரஷ் மோட்டார் ஒன்று போதும். மின்கலம் எதுவும் இணைக்காமல், மோட்டாரின் தண்டை மாணவர் விரலால் சுழற்றட்டும். அடுத்து இரண்டு கம்பி முனைகளையும் முறுக்கிச் சேர்த்துவிட்டு மறுபடி சுழற்றட்டும். தண்டில் ஒரு பற்சக்கரமோ மூடியோ மாட்டினால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். "டீச்சர், இப்ப இறுக்கமா இருக்கு!" என்று சொல்வார்கள். ஏன் என்று கேளுங்கள். விளக்கம் பேச்சுத் தமிழிலேயே வரட்டும். இடையில் நிறுத்தித் திருத்த வேண்டாம். பிறகு அதே விளக்கத்தை எழுத்துத் தமிழில் ஐந்து வாக்கியங்களாக எழுதச் சொல்லுங்கள். 'இறுக்கமா இருக்கு' என்பது 'சுழற்சி எதிர்க்கப்படுகிறது' என்று மாறுவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

பலகையில் எழுதிப்போட உதவும் சொற்கள்: வேகக் கட்டுப்படுத்தி, மின்கலம், அறை, மின்னழுத்தம், மின்தடை, சுருள், சுழற்சி, பற்சக்கர விகிதம், சரிவு, பிடிமானம், மின்தூண்டல், நீர்புகா. மோட்டார், பிரேக், செர்வோ, சென்சார் ஆகியவற்றை அப்படியே விட்டுவிடலாம். மாணவருக்குத் தெரிந்த சொல்லைப் பிடுங்கிக்கொண்டு தெரியாத சொல்லைக் கொடுத்தால் பேச்சு நின்றுபோகும்.

உயர்நிலை வகுப்புகளில் இணையர் நடவடிக்கையாகவும் செய்யலாம். ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாங்குபவர். வாங்குபவரிடம் வண்டியின் விவரத்தாளும் வரவுசெலவு வரம்பும் இருக்கும். கடைக்காரர் பெரிய எண் உள்ளதை விற்கப் பார்ப்பார். வாங்குபவர் ஆறு கேள்விகளையும் கேட்டு, எதை ஏன் வாங்குகிறார் அல்லது ஏன் வேண்டாம் என்று காரணம் சொல்ல வேண்டும். வாய்மொழித் தேர்வில் நாம் எதிர்பார்க்கும் 'கருத்தும் காரணமும்' இங்கே இயல்பாகவே வந்துவிடும்.

என் மாணவர் கதையை முடித்துவிடுகிறேன். பந்தயக் கார் ஓட்டும் ஒரு நண்பருக்கு அந்த 120 ஆம்பியரைக் கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டார். குறைந்த தொகையை நான் ஈடுகட்டினேன், தவறு என்னுடையதல்லவா? இரண்டாவது முறை அவரே ஆறு கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போய், டிராக் பிரேக்கை மாற்றக்கூடிய 80 ஆம்பியர் ஒன்றை வாங்கினார். உடைந்த தண்டையும் மாற்றினார். அடுத்த வாரம் செங்கல் மேட்டின் பாதியில் வண்டி நின்றது. விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், பாருங்க. அப்படியே நிக்குது."

பிறகு, அது ஏன் நிற்கிறது என்று சுற்றி நின்ற நான்கு தொடக்கநிலை மாணவர்களுக்கு அவரே தமிழில் விளக்கத் தொடங்கினார். 'மின்தூண்டல்' என்ற சொல் வந்த இடத்தில் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சரிதானா என்று உறுதி செய்துகொண்டார்.